டர்போ வண்டிகளில் எண்ணெய்க் கசிவும் நீலப் புகையும்: ஷார்ஜா கார்ட்டன் சுவடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

‘இதுவரை எவரும் கவனிக்காத துறை’ என்று தொடங்குவது ஆய்வேடுகளின் மரபு. இத்துறைக்கு அந்த வசதி இல்லை. வளைகுடாவில் இதைக் கவனிக்காத ஆளே கிடையாது. டர்போ வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சிக்னலில் நீலமாக ஒரு மூச்சு விட்டால் போதும். பக்கத்து வண்டிக்காரர், கட்டடத்துக் காவலாளியான நாத்தூர், கரக் சாய் கொண்டுவரும் பையன், சனாயா எனும் தொழிற்பேட்டையின் மிஸ்திரி என நால்வரும் நான்கு நோய் சொல்வார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இரார். எனவே நம் கருதுகோள் வருமாறு: நோயின் பெயர் வண்டியில் இல்லை, அதைச் சொல்பவரின் கடையில் எந்த உதிரிபாகம் விற்காமல் கிடக்கிறது என்பதில் இருக்கிறது. முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்று தேடப் புறப்படுவது நம் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட முறையாதலின் இதில் குற்றமில்லை.

முன்னோர் ஆய்வுகளைச் சுருங்கப் பார்ப்போம். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கார்வேரும் அதைக் காரில் ஏற்றின. 1975-இல் போர்ஷே 911 டர்போ விற்பனைக்கு வந்தது. இவர்களில் எவரும் தொல்காப்பியம் படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தால், பாலைக்குரிய பொழுது வேனிலும் நண்பகலும் என்பதை அறிந்து, ஜூலை மாத துபாய் நண்பகலில் ரப்பர் சீல் காய்ந்து விறைக்கும் என்று முன்கூட்டியே உணர்ந்திருப்பர். டர்போ தமிழர் கண்டுபிடிப்பே என்று நிறுவும் நூல் தனியே வரவுள்ளது. மேடையும் பொன்னாடையும் தயார், சான்று மட்டும் பாக்கி.

புகை மூவகைப்படும்.

கறுப்பு: பெட்ரோல் மிகுதி. இதில் ஆராய ஒன்றுமில்லை. ஆகவே முனைவர் பட்டத்துக்கு மிக உகந்தது.

வெள்ளையில் இரண்டு உண்டு. ஜனவரி விடியலில் வந்து சில நிமிடங்களில் மறைவது நீராவி. மறையாமல், தித்திப்பு வாடையோடு, ரேடியேட்டர் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு வருவது கூலன்ட். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதை மோந்து ‘பாயசம்’ என்று உரை கண்டவரும் உளர் (பெயர் அறியா உரைகாரர், கை துடைத்த துணி, மேல்விளிம்பு).

நீலமே நம் காப்பியத் தலைவன். எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்த வழியாக வந்து எரிகிறது என்பதில்தான் குடுமிப்பிடி. பொழுது பார்த்தால் பாதி வழக்கு தீரும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து விட்டு ஓய்ந்தால், பெரும்பாலும் வால்வ் சீல் வழியாக ஆயில் சொட்டியிருக்கிறது. ஐடிலில் நெடுநேரம் நின்று கிளம்பும்போது வந்தால் வால்வ் சீல் அல்லது டர்போ. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏறும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். சுபாருவிலும் போர்ஷே 911-இலும் சிலிண்டர்கள் படுத்துக் கிடப்பதால், தேங்கிய ஆயில் காலையில் லேசாகப் புகைவது பிறவிக்குணம், நோயன்று. மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் ரோட்டரி எஞ்சினோ கொஞ்சம் ஆயிலை எரிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதன் உரிமையாளரிடம் துக்கம் விசாரிப்பது அநாகரிகம்.

இந்தப் பொழுதுப் பகுப்பை ஐயந்திரிபறக் கற்றவர்கள் பழைய வண்டி விற்போரே. வாங்குபவர் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைத்து, காலைப்புகை அதிகாரத்தையே நூலிலிருந்து நீக்கிவிடுவர். இன்னும் தேர்ந்தவர் கெட்டியான ஆயில் ஊற்றி வைப்பர்; இதைச் ‘சுருக்கப் பதிப்பு’ எனலாம்.

இனி ஆய்வின் உயிர்நிலை: கார்ட்டன் சுவடிகள்.

கசிவறிய, இரவில் வண்டிக்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பது உலகறிந்த முறை. ஓலையில் வகை உள்ளதுபோல் இங்கும் உண்டு. தண்ணீர் பாட்டில் கார்ட்டன் மெலிந்தது, எழுத்து ஊறிப் பரவும். ஊருக்குக் கார்கோவில் அனுப்பக் கட்டி வைத்திருக்கும் பால்பவுடர் கார்ட்டன் தடித்தது, எழுத்து நிற்கும். எடுத்தால் வீட்டில் பேச்சு நிற்கும். வெறும் மணல் பார்க்கிங்கில் நிறுத்துவோர் இலக்கியம் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. கடல்கொண்ட நூல்களுக்காக அழுவோர் மணல்கொண்ட நூல்களுக்காக ஒரு துளியும் சிந்தாதது வருந்தத்தக்கது.

எழுத்தின் நிறம் வருமாறு. பழுப்பும் கறுப்பும் எஞ்சின் ஆயில். சிவப்பு பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். பச்சை, ரோஜா நிறங்கள் கூலன்ட். நிறமற்றது ஏசித் தண்ணீர். ஆகஸ்ட் புழுக்கத்தில் எல்லா வண்டியும் இதைப் பொழியும். இதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களைத் தொகுத்தால் தனி நூலாகும் (காண்க: இரண்டாம் பேஸ்மென்ட், தூண் எண் அழிந்தது, கார்ட்டன் ‘அ’, வடமேற்கு மூலை).

இடைச்செருகல் சிக்கல் பெரிது. முதல்நாள் அதே இடத்தில் நின்ற பஜேரோ விட்ட துளியை நம் வண்டியின் வாக்காகப் பதிப்பித்தவர்கள் ஏராளம். நாத்தூர்தான் முதல் வாசகர், முதல் உரையாசிரியர், கறையைக் கழுவச் சொல்லும் தணிக்கையாளரும் அவரே. கார்ட்டன் ‘ஆ’வில் வரிசையாகக் காணப்படும் ஐந்து புள்ளிகளைக் கேம்ஷாஃப்ட் சீலின் தாளக்கட்டு என்றொரு சாரார் வாதிட, அவை பூனையின் காலடி என்று மறுசாரார் மறுத்தனர். பூனை எண்ணெயில் நடந்திருந்தால் எண்ணெய் இருந்தது மெய்தானே என்று மூன்றாமவர் சமரசம் செய்ததில் இருவருக்கும் அவர்மேல் கோபம் (மேற்படி, மேற்படிக்கு மேற்படி, மாற்றுப்பாடம்: ‘பூனையன்று, பெருச்சாளி’ என வேறொரு கையெழுத்தில், கெட்சப் கறையின் கீழ்). கார்ட்டன் ‘இ’யைத் தூக்கியவர் திருப்பிப் போட்டுவிட்டதால் வண்டியின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதே வழக்கானது. பெட்டியில் அச்சாகியிருந்த அம்புக்குறி கசிவின் திசையைச் சுட்டுகிறது என ஒரு பேரறிஞர் அறுதியிட்டார். பெட்டியை எந்தப் பக்கம் மேலாக வைக்க வேண்டும் என்பதற்கான அம்பு அது என்று சொன்ன பிறகும், மறுபதிப்பில் அவர் முடிபை மாற்றவில்லை. அடிக்குறிப்பை மட்டும் நீட்டினார்.

துளி விழுந்த இடம் துளி பிறந்த இடம் அன்று. இதை உணர உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் துணை தேவை. எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ இருக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கொள்கிறார் என்று அவரை ஏசுவார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை அவர் முறையே சரி. மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டில் கசிந்த ஆயில் பின்புறமாக வழிந்து, ஓட்டத்தில் காற்றும் தள்ள, கியர் பாக்ஸ் சேருமிடத்தில் சொட்டும். அங்கே பார்த்தால் ரியர் மெயின் சீல் போனதுபோல் இருக்கும். வால்வ் கவர் கேஸ்கெட் மலிவு. ரியர் சீல் மாற்றக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். ரியர் சீலே மூலபாடம் என்று மிஸ்திரிகள் ஒருமனதாகக் கொள்வது இக்காரணம் பற்றியே. முறையான வழி, எஞ்சினைக் கழுவி, சிறிது ஓட்டி, ஈரம் தெரியும் மிக உயர்ந்த இடத்தைத் தேடுவது. ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பது இன்னும் துல்லியம். வருடாந்தர பாஸிங் எனும் வண்டிச் சோதனைக்கு முந்தைய மாலையிலும் எல்லோரும் எஞ்சினைக் கழுவுகிறார்கள். ஆனால் அது சான்றைத் தேடுவதற்காக அன்று.

இறுதியாக டர்போ. அதன் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழலும். ஆயில் படலத்தில் மிதக்கும். ஆயில் அழுத்தத்தோடு உள்ளே வரும், தன் எடையால் மட்டுமே கீழே வடியும். வடியும் குழாய் அடைத்தாலோ, எஞ்சின் உள்வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைபட்டு எஞ்சின் வயிற்றில் அழுத்தம் ஏறினாலோ, போக இடமில்லாத ஆயில் சீலைத் தாண்டிப் புகையாகும். டர்போ குற்றமற்றது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயில் ரப்பர் கையுறையைப் பொருத்திப் பார்த்தால் போதும்: விறைத்து உப்பினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, பிசிவி அடைப்பா, ரிங் தேய்வா என்று அடுத்துப் பார்க்கலாம். கையுறைக்குக் கமிஷன் இல்லாததால் இச்சோதனை சனாயாவில் வேரூன்றவில்லை. டர்போவைக் கழற்றிப் புதிது போடுவதே ஆளும் கோட்பாடு.

புதிது போட்ட பிறகும் நீலம் வந்தால்? “சைலன்சரில் பழைய ஆயில் கிடக்கு அண்ணே, எரிஞ்சு தீரணும். மாஃபி முஷ்கிலா” என்பது விடை. இது உண்மையும்கூட, தேங்கியது எரிந்து தீரச் சிறிது ஓட்டம் வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் அதே விடை வந்தால், சைலன்சருக்குள் எண்ணெய் ஊற்று இருப்பதாகவே கொள்ள வேண்டும். அமீரக அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவின்படி இயற்கை வளம் அந்தந்த எமிரேட்டின் பொதுச் சொத்தாகையால், வண்டி ஷார்ஜாவில் புகைகிறதா துபாயில் புகைகிறதா என்பதை முல்கியா எனும் பதிவு அட்டையைப் பார்த்து முதலில் முடிவுசெய்வது நலம்.