ஒரு மார்க்கு அடுப்பு

எங்கள் ஊரில் பெரிய பயணி வரதராஜப் பெருமாள்தான். பொங்கலையொட்டிப் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் மலைக்குப் போவார். போக மட்டும் 20 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அடுப்புக் கவலை கிடையாது, வழியெல்லாம் மண்டகப்படி. எனக்கு அந்த வசதி இல்லை. தவிர, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அக்கா மகன், "முதுகுல மூட்டை கட்டிப் போய், சொந்தமா சமைச்சுச் சாப்பிடணும் மாமா. இல்லன்னா அது வெறும் டூர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். மாதிரிக்கு ஒரு கேஸ் டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனான்.

டப்பாவைக் கையில் வாங்கியதும் தறி வைத்திருக்கும் என் மச்சான் அதைக் குலுக்கிப் பார்த்தார். அவருக்குப் பொருள் என்றாலே எடைதான்.

"எவ்வளவு?"

"230 கிராம்."

"ஒரு மார்க்குக்குக் கொஞ்சம் கம்மி." ஒரு மார்க்கு சரிகை ஏறத்தாழ 240 கிராம். "ஆனா கை அதுக்கு மேல சொல்லுதே?"

230 என்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும், டப்பாவின் எடை தனி என்றேன். "அதானே! கட்டையோட சேத்து நிறுத்தா சரிகைக் கணக்கு வருமா?" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். மலையேறுகிறவர்கள் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை ஒடித்து எடை குறைப்பார்கள் என்று கேட்டபோது மட்டும் அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பயண அடுப்பு பம்ப் ஸ்டவ். 1892-இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸின் வாரிசு அது. திரி கிடையாது, காற்றடித்தால் மண்ணெண்ணெய் மேலேறி, காய்ந்த பர்னரில் ஆவியாகி, நீலமாகச் சீறி எரியும். அமுன்ட்சென் தென் துருவத்துக்கே அதை எடுத்துப் போனார். 1953-இல் எவரெஸ்ட் உச்சிக்குக் கிளம்பிய காலையில் ஹிலாரியின் பூட்ஸ் உறைந்து கட்டையாகிவிட, பிரைமஸ் தீயில் காட்டித்தான் இளக்கினார். பெருமையாகத்தான் இதை அம்மாவிடம் சொன்னேன்.

"அடுப்பு மேல செருப்பையா வச்சான்?" என்றாள். எவரெஸ்ட் அத்தோடு முடிந்தது.

அடுத்து, வில்லை அடுப்பு. 1936-இல் ஜெர்மனியில் வந்த எஸ்பிட் வகை. மடித்தால் சட்டைப்பையில் அடங்கும் தகரம், எரிபொருளோ ஹெக்ஸமைன் என்ற வெள்ளை வில்லை. எடை குறைவு, விலை குறைவு, பழுதாக எதுவுமில்லை. ஒரே குறை, பார்க்கக் கற்பூரம் போலவே இருக்கும். கோயில் ஊரில் வெள்ளை வில்லையைப் பூஜை அலமாரி பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரத்தித் தட்டில் ஏறிவிட்டது. ஹெக்ஸமைன் எரிந்தால் மீன் வாடை அடிக்கும். சைவ வீட்டில் காமாட்சி படத்துக்கு முன்னால் கருவாடு மணந்த அன்று அந்த வகை பட்டியலிலிருந்து நீங்கியது.

மிச்சம் கேஸ். இதைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதியதெல்லாம் குளிரைப் பற்றித்தான். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனால் ஆவியாகாமல் அடம்பிடிக்கும், ஆகவே புரொப்பேன் கலந்ததை வாங்கு என்பார்கள். வைகாசியில் கருட சேவை பார்க்கக் காலையில் போய்க் கால் கொப்புளித்து வீடு திரும்புகிற எங்களிடம் சொல்கிற பேச்சா இது? நாங்கள் படிக்க வேண்டியது டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தை: 50 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்காதே. கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். காற்றுத் தடுப்பு என்று தகரத்தால் டப்பாவைச் சுற்றி மூடுவதும் ஆபத்து. தன் சூட்டில் தானே வெடிக்கலாம்.

சரி, எங்கே பற்றவைப்பது? ரயிலில் கொண்டுபோக முடியாது. 1989 ரயில்வே சட்டப்படி 3 ஆண்டுவரை சிறை உண்டு. காப்புக்காட்டில் தீ மூட்டக் கூடாது என்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் கருகிய பிறகு, அந்தச் சட்டத்தைக் கெடுபிடி என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளியங்கிரிக்குப் போனாலோ, சீசனில் வழியிலேயே சுக்குக் காபி விற்கிறார்கள். ஆக, அனுமதி தருகிற தனியார் தோட்டம் ஏதாவது ஏலகிரிப் பக்கம் கிடைத்தால்தான் உண்டு.

"அதுக்குக் குடலை இட்லி எடுத்துட்டுப் போயேன்" என்றாள் அம்மா. வரதர் கோயில் மடைப்பள்ளியில் மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வேகவைப்பது. மிளகு, சீரகம், சுக்கு, நெய் போட்டது, சுலபத்தில் கெடாது. மாமாக்காரன் தூக்கிப் போகக் கூடிய ஆகச் சிறந்த சாப்பாடு அதுதான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மருமகன் மட்டும் அதன் எடையைக் கேட்டான். மச்சான் அவனை முறைத்தார்.

கடைசியில், டப்பாவின் தலையில் திருகுகிற சின்ன பர்னராக இல்லாமல், குழாய் வைத்து, தரையில் மூன்று கால் அகட்டி நிற்கும் கேஸ் அடுப்பாகப் பார்த்து வாங்கினேன். எடை கூடுதல்தான், ஆனால் நம் அடி வளைந்த பாத்திரம் கவிழாமல் நிற்கும்.

புது அடுப்பு வீட்டுக்கு வந்தால் பால் காய்ச்ச வேண்டாமா? அம்மா நாள் பார்த்தாள். பர்னருக்குச் சந்தனம், டப்பாவுக்குக் குங்குமம். மருமகன் வீடியோ எடுத்தான். இந்த அடுப்புகள் வேகம் பார்ப்பவை. நாங்கள் வெல்லம் தேடுவதற்குள் பால் பொங்கி, நாலு பக்கமும் வழிந்து, தீயை அணைத்துவிட்டது. "பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு" என்று எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. நான்தான் பால் தீய்ந்து அடைத்த பர்னர் துளைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா உள்ளே போய்ப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைத் துழாவி, எதையோ எடுத்து வந்தாள். பம்ப் ஸ்டவ் பின்.