செத்த மாதிரி நடித்தவர்

உலகத்தில் 3,000க்கும் மேற்பட்ட குச்சிப்பூச்சி இனங்கள் உண்டு. எல்லாருக்கும் குலத்தொழில் ஒன்றுதான்: ஆடாமல் அசையாமல் நின்று, "நான் பூச்சி இல்லீங்க, வெறும் சுள்ளி" என்று நடிப்பது. பல இனங்களில் முட்டைகூட விதை வேஷத்தில்தான் வெளியே வரும்.

அந்தக் குலத்தில் நடிப்பே வராத ஒருவர் பிறந்தார். ஊர், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹோவ் தீவு. 15 சென்டிமீட்டர் நீளம், கறுப்பு நிறம், சப்பாத்திக் கட்டை உடம்பு, இறக்கை கிடையாது. குச்சி என்று சொன்னால் குச்சியே சிரிக்கும். தீவுக்காரர்கள் 'தரைச் சிங்கி இறால்' என்று பேர் வைத்து, தூண்டிலில் கோத்து மீன் பிடித்தார்கள். அவரும் தன் திறமை தெரிந்தவராய்ப் பகலெல்லாம் மரப்பொந்தில் படுத்துவிட்டு, ராத்திரி மட்டும் இலை தின்ன வருவார்.

1918 ஜூனில் 'மகாம்போ' கப்பல் அங்கே தரைதட்டியது. பழுதுபார்த்த நாட்களில், டிக்கெட் வாங்காமல் வந்த எலிகள் கரையிறங்கின. எலிக்கும் ராத்திரி ஷிஃப்ட்தான். பொந்துக்குள் மூக்கை நீட்டினால் இலைபோட்ட விருந்து! சில வருஷத்தில் பூச்சி காலி. சில பறவை இனங்களும் காலி. எலியை ஒழிக்க ஆந்தைகளைக் கூட்டிவந்தார்கள். அவை பறவைகளையும் சேர்த்து ருசி பார்த்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பூச்சிக்கு உலகமே தலைமுழுகியது.

23 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் செங்குத்தாய் நிற்கிறது பால்ஸ் பிரமிட் பாறை. 1964இல் அங்கே ஏறியவர்கள் செத்த பூச்சி ஒன்றைக் கண்டார்கள். 2001இல் விஞ்ஞானிகள் டேவிட் பிரிடல், நிக்கோலஸ் கார்லைல் குழு போனது. பகல் முழுக்கத் தேடிக் கிடைத்தது, ஒரு புதருக்கடியில் புதுப் புழுக்கை. ராத்திரி டார்ச்சோடு மறுபடி ஏறினார்கள். அங்கே நம்மவர் குடும்பம் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது!

2003இல் ஒரு ஜோடி மெல்பர்ன் மிருகக்காட்சிசாலைக்குப் போனது. பேர், ஆதாம், ஏவாள். ஏவாள் படுத்த படுக்கையானாள். அங்கே பூச்சிகளைப் பராமரித்த பேட்ரிக் ஹோனன் கால்சியமும் பூந்தேனும் கலந்து சொட்டுச் சொட்டாக ஊட்டினார். எழுந்தவள் முட்டை போட்டாள். இன்று வாரிசுகள் ஆயிரக்கணக்கில்.

2019இல், லார்ட் ஹோவ் தீவில் 101 வருஷம் வாடகை கொடுக்காத எலிக் குடித்தனத்துக்கு விஷ உருண்டையாகக் காலிசெய்யும் நோட்டீஸ் போனது.

குச்சியாக நடிக்கத் தெரியாதவர், செத்தவராக 80 வருஷம் நடித்து ஊரையே ஏமாற்றிவிட்டார். கடைசியில் காட்டிக்கொடுத்தது புழுக்கைதான். அதற்கு மட்டும் எந்த வேஷமும் ஒத்துவரவில்லை.