டியூனர் கார்டு புராணம்: தாம்பரம் காண்டம்

சிலப்பதிகாரத்துக்கு மூன்று காண்டங்கள் தேவைப்பட்டன. கம்ப்யூட்டரில் டிவி பார்த்த தமிழன் கதைக்கு ஒன்று போதும்: தாம்பரம் காண்டம். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர்க்காரர்கள் உரிமைப் பிரச்சினை கிளப்ப வேண்டாம். உங்களையும் சேர்த்துத்தான் தாம்பரம் என்கிறேன். நீங்கள் மட்டும் பெண் பார்க்கப் போன இடத்தில் சொந்த ஊரைக் கேட்டால் 'சென்னை' என்று சொல்லாமலா இருந்தீர்கள்?

காண்டம் ஒரு பொய்யில் தொடங்குகிறது. எல்லா வீட்டிலும் ஒரே பொய்தான். "படிப்புக்குக் கம்ப்யூட்டர் வேணும்ப்பா." 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜி.எஸ்.டி. சாலையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஏதாவதொரு பொறியியல் கல்லூரி பஸ் மேல் விழும். பஸ்ஸுக்குள் இருக்கும் பையன் முதலாம் ஆண்டு மெக்கானிக்கல். அவன் படிப்பில் கம்ப்யூட்டருக்கு இருந்த இடம் வாரத்துக்கு ஒரு லேப். இது அப்பாவுக்குத் தெரியாது. பி.எஃப். லோன் போட்டார். செலரான் பிராசஸர், 128 எம்.பி. ராம், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 15 இன்ச் மானிட்டர் என்று ஓர் அசெம்பிள்டு பெட்டி வந்து இறங்கியது. ஆயுத பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். மற்ற நாள்களில் தூசி படியாமல் பூப்போட்ட உறை.

அதே காலத்தில் ஹாலில் நடந்த ஆட்சி மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதிலிருந்து வீட்டு டிவி அப்பாவின் சொத்தாக இருந்தது. டயனோராவோ சாலிடேரோ, இரண்டும் நம்ம சென்னைத் தயாரிப்பு, அதன் மர ஷட்டரைத் திறக்கும் அதிகாரம் அவருடையது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. 1999 கடைசியில் 'சித்தி' வந்தாள். அத்தோடு அப்பா வம்சம் முடிந்தது. ரிமோட் அம்மா கைக்குப் போனது. அம்மா குக்கரை இறக்கப் போகும்போது பாட்டி இடைக்கால ஆட்சி நடத்தினாள். 'சித்தி' முடிந்து, 2002-இல் 'மெட்டி ஒலி' அப்பா ஐந்து பெண்களைக் கரையேற்றக் கிளம்பியபோது, நம் வீட்டு அப்பாவும் பிள்ளையும் கிரிக்கெட் ஸ்கோருக்கு எதிர்வீட்டு ஜன்னலை நம்பி வாழ்ந்தார்கள்.

அதே 2002-இல்தான் மைக்ரோசாப்ட் 'விண்டோஸ் எக்ஸ்.பி. மீடியா சென்டர் எடிஷன்' என்று ஒன்றை வெளியிட்டது. சோபாவில் சாய்ந்தபடி ஒரே ரிமோட்டில் படம், பாட்டு, போட்டோ, டிவி எல்லாம். அமெரிக்கன் அதைச் சொகுசுக்காகச் செய்தான். தாம்பரத்துப் பையன் உயிர் பிழைக்கச் செய்தான். என் கட்சி இதுதான்: நம்மூரில் டியூனர் கார்டை விற்றது தொழில்நுட்பம் அல்ல, மெகா சீரியல். நியாயமாகப் பார்த்தால் கார்டு கம்பெனிகள் 'சித்தி' ராதிகாவுக்குக் கமிஷன் கொடுத்திருக்க வேண்டும்.

கார்டு வாங்குவது ஒரு யாத்திரை. தாம்பரத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் ஏற வேண்டும். 1931-இல் ஓடத் தொடங்கிய அந்தக் குறுகல் தண்டவாளத்துப் புண்ணியவான் 2004 ஜூலை வரை ஓய்வு கேட்கவில்லை. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நடந்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் தோள் இடித்து நுழைந்தால் கடைக்காரர் முதல் கேள்வியிலேயே ஆளை எடைபோட்டுவிடுவார்.

"இன்டர்னலா, எக்ஸ்டர்னலா பாஸ்?"

எக்ஸ்டர்னல் என்பது மானிட்டருக்கும் சி.பி.யு.வுக்கும் நடுவில் உட்காரும் டப்பா. கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலேயே மானிட்டரை டிவியாக்கிவிடும். ரெக்கார்டு பண்ணாது, வம்பும் பண்ணாது. அதை வாங்கியவர்கள் டிவி பார்க்க ஆசைப்பட்டவர்கள், நிம்மதியாகப் பார்த்தார்கள், அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்டர்னல் வாங்கியவன் டிவியோடு மல்லுக்கட்டப் பிறந்தவன்.

பிக்சல்வியூ, பினக்கிள், லீட்டெக் என்று அட்டைப்பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும், பிரித்தால் பலவற்றின் நடுவில் இருந்தது ஒரே சிப்தான்: பிடி878. பக்கத்தில் தகர டப்பா ஒன்று, அதில் கேபிள் ஒயர் செருகும் ஓட்டை. தகர டப்பா சேனலைப் பிடிக்கும். சிப் அதை எண்களாக்கி பி.சி.ஐ. ஸ்லாட் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் தள்ளும். படம் வந்துவிட்டது. சத்தம்? பெரும்பாலான கார்டுகளில் சத்தத்துக்கு அந்த ராஜபாட்டையில் அனுமதி இல்லை. கூடவே கொடுத்த ஒரு முழ ஒயரை டியூனர் கார்டின் முதுகிலிருந்து சவுண்டு கார்டின் லைன்-இன் ஓட்டைக்கு இழுக்க வேண்டும். கொல்லைப்புறமாக வெளியே வந்து கொல்லைப்புறமாகவே உள்ளே போகும். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டால் அன்றைக்கு ஊமைப்படம்.

டிரைவர் சிடியைப் போட்டதும் எந்த நாடு என்று கேட்கும். அன்றைய பொறியியல் மாணவனுக்கு எந்தக் கேள்விக்கும் அமெரிக்காதான் விடை. அப்படியே விட்டவன் செய்தி வாசிப்பவர் கறுப்பு வெள்ளையில் மேல்நோக்கி உருண்டுகொண்டே போவதைப் பார்த்தான். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி.க்கு 525 கோடு. நம்முடைய பால் முறைக்கு 625. மனதைத் தேற்றிக்கொண்டு இந்தியா என்று மாற்றினால் செய்தி வாசிப்பவர் நிலைகொள்வார், கலரும் வரும். எழுத்தாளர் சுஜாதா படித்த எம்.ஐ.டி. குரோம்பேட்டையில் இருக்கிற தைரியத்தில் அந்த வட்டாரத்தில் சிலர் லினக்ஸில் இறங்கினார்கள். 'மோட்ப்ரோப் பிடிடிவி கார்டு=37 டியூனர்=5' என்று காலையில் குளித்துவிட்டு ஜபிப்பார்கள். ஜபம் பலித்தால் படம் வரும். பலிக்காவிட்டால் கார்டு எண்ணை மாற்றி மறுபடி ஜபம்.

அடுத்தது கேபிள்காரர். அப்பா வாடகை கட்டுவது ஒரு டிவிக்கு. இரண்டாவது கனெக்‌ஷன் என்று வாய் திறந்தால் அண்ணன் இரண்டாவது வாடகை என்பார். எனவே பையன் அவருக்குத் தெரியாமல் ஒரு ஸ்பிளிட்டர் வாங்கி ஒயரை இரண்டாகப் பிரித்தான். சிக்னலையும் அது நேர்மையாக இரண்டாகப் பிரித்தது. ஹாலில் ராதிகா முகமெல்லாம் புள்ளி. "கேபிள்காரனுக்குப் போன் பண்ணு" என்று அம்மா சொன்னாள். அவர் வந்து, கம்பத்தில் ஏறி, இறங்கி, ஒயரைத் தடவிக்கொண்டே பையன் ரூம் வரை வந்து நின்றார். அத்தனை வீட்டிலும் இந்தக் கட்டத்தில் குட்டு உடைந்தது.

குட்டு உடைந்தவன் மொட்டை மாடிக்குப் போனான். தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனா காக்கை உட்காருவதற்கென்று அங்கேயே நின்றது. அதிலிருந்து ஒயர் இழுத்தால் தூர்தர்ஷன் இலவசம். ஆனால் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் இன்னொரு பங்காளி இருந்தான்: மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், விமானத்தின் வயிற்றில் பட்டுத் திரும்பும் அலையும் சற்று முன்பின்னாக ஆன்டெனாவை அடையும். விமானம் நகர நகர இரண்டும் ஒரு கணம் கூடும், மறு கணம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். படம் நடுங்கும். பழைய டிவியில் இது லேசான உதறல். டியூனர் கார்டோ, சிக்னல் போய்விட்டது என்று முடிவுகட்டி நீலத்திரை காட்டும். டெண்டுல்கர் முன்னால் காலை வைக்கும் நேரம் பார்த்துத்தான் சிங்கப்பூர் விமானம் வரும்.

இனி ரெக்கார்டிங். டியூனர் கார்டின் ராஜ யோகம் அதுதான் என்று பெட்டியில் போட்டிருந்தது. சுருக்காமல் அப்படியே பதிவுசெய்தால் நொடிக்கு 20 எம்.பி.க்கு மேல். 40 ஜி.பி. டிஸ்க் முழுவதையும் காலி செய்து கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதுவரைக்கும்கூடப் போகாது. அந்நாள் ஃபேட்32 டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது என்பதால் மூன்றரை நிமிடத்தில் ரெக்கார்டிங் தானாக நின்றது. ஒரு சினிமாப் பாட்டுகூட முழுசாகத் தேறாது. ஆகவே வி.சி.டி. தரத்துக்கு இறங்கினார்கள்: 352-க்கு 288 புள்ளி, நிமிடத்துக்கு சுமார் 10 எம்.பி. அதையும் சுருக்கச் சுருக்க செலரானுக்கு மூச்சு வாங்கும். நடுநடுவே ஃபிரேம்களை விழுங்கும். இதில் விஜய் நடனம் ஆடினால் எல்லோரும் ஆடுகிற மாதிரிதான் இருக்கும்.

அதை போட்டோ எடுத்து நண்பனிடம் காட்டலாம் என்று பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தினால் வெறும் கலர்க் கட்டம் ஒன்றுதான் விழும். படம் விண்டோஸுக்குத் தெரியாமல் நேராக கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் வந்த கார்டு விண்டோஸுக்குத் தெரியாமல் படம் காட்டியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மைக்ரோசாப்டின் மீடியா சென்டர் நிகழ்ச்சி நிரலை இன்டர்நெட்டில் எடுத்துக்கொள்ளும், பெயரைத் தட்டினால் போதும் என்றார்கள். தாம்பரத்தில் நிகழ்ச்சி நிரல் பாட்டிதான். ஞாயிறு மதியம் என்ன படம், எந்த சீரியலில் யாருக்குச் சீமந்தம் என்று எல்லாம் மனப்பாடம். ஆனால் கேபிள்காரர் மாசத்துக்கொரு தரம் சேனல் எண்களைக் கலைத்துப் போடுவார். நடுராத்திரி ஹாலிவுட் படத்துக்கு டைமர் வைத்துவிட்டுத் தூங்கியவன் காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு மணி நேரம் ராசிக்கல் விளம்பரம்.

2003 மார்ச் 23, ஞாயிறு. ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஊரில் டியூனர் கார்டு வைத்திருந்தவனெல்லாம் காலையிலேயே டிஸ்க்கைக் காலி செய்தான். செமஸ்டர் புராஜெக்டை அழித்து இடம் பண்ணியவர்களும் உண்டு. எட்டு மணி நேர ஆட்டம், ஏழு சிடி கணக்கு. பான்டிங் 140 அடித்தார், அவுட்டாகவே இல்லை. ஆஸ்திரேலியா 359. நாம் 234. அந்த ஏழு சிடியை இன்றுவரை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று அரசாங்கமே களத்தில் இறங்கியது. 'கேஸ்' எனப்பட்ட கண்டிஷனல் ஆக்சஸ் சிஸ்டம் சென்னைப் பெருநகரில் அமலானது. மாதம் 72 ரூபாய்க்கு இலவசச் சேனல்கள். கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட் டாப் பாக்ஸ் வாங்கு. நான்கு பெருநகரங்களுக்கும் என்று சொல்லி ஆரம்பித்த திட்டம். மற்ற மூன்றும் நழுவிக்கொள்ள, சென்னை மட்டும் மாட்டியது. மெட்ரோ தண்ணீர் கேட்டால் அன்றைய தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டம். ஈ.எஸ்.பி.என்.னைப் பிடுங்க வேண்டுமென்றால் தாம்பரம் சென்னை.

இதில் அடிபட்டது டியூனர் கார்டுதான். அதன் அழகே தானாகச் சேனல் மாற்றுவதில் இருந்தது. பாக்ஸ் வந்தபின் சேனலை மாற்றுவது பாக்ஸ். கார்டுக்கு வருவது ஒரே மஞ்சள் ஒயர். பாக்ஸில் எது ஓடுகிறதோ அதுதான் ரெக்கார்டு ஆகும். பாக்ஸின் ரிமோட் யாரிடம்? பாட்டியிடம். மூன்று வருஷம் போராடிப் பெற்ற சுதந்திரம் ஒரே நாளில் ஹாலுக்குத் திரும்பிப் போனது.

பாக்ஸ் வாங்காதவர்களை நீதிமன்றம் காப்பாற்றியது. 2004-இல் இந்தியா பாகிஸ்தான் போனபோது ஒளிபரப்பு உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம். தூர்தர்ஷனிலும் காட்டியாக வேண்டும் என்று பொதுநல வழக்கு போட்ட இடம் நம் சென்னை உயர் நீதிமன்றம். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 50 கோடி ரூபாயை டெபாசிட் கட்டிவிட்டு, டென் ஸ்போர்ட்ஸின் லோகோவும் விளம்பரமும் அப்படியே இருக்க, தூர்தர்ஷன் காட்டலாம் என்று ஆனது. மார்ச் 29, திங்கள்கிழமை. எல்லோரும் ஆபீஸிலும் காலேஜிலும் இருந்த நேரத்தில் முல்தானில் சேவாக் சக்லைனைச் சிக்ஸர் அடித்து 300-ஐத் தொட்டார். மொட்டை மாடி ஆன்டெனாவில் டைமர் வைத்துவிட்டுப் போனவன் அன்று சாயங்காலம் தெருவுக்கே மாமன்னன். மின்சார வாரியம் ஒத்துழைத்த தெருக்களில் மட்டும்.

அதற்கப்புறம் கதையில் சத்து குறைவு. 2006-இல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் வீட்டில் ஏற்கெனவே டிவி இருந்தால், புது 14 இன்ச் பெட்டி பையன் ரூமுக்குப் போனது. டியூனர் கார்டை யூடியூப் கொன்றது என்பார்கள். நம்பாதீர்கள். யூடியூப் பஃபர் ஆகிக்கொண்டிருந்த காலத்திலேயே கார்டு செத்துவிட்டது. கொன்றது இரண்டாவது டிவி. எந்தச் சண்டைக்காகக் கார்டு வந்ததோ, அந்தச் சண்டையே வீட்டில் இல்லாமல் போய்விட்டது.

அனலாக் கேபிளுக்கு 2017 மார்ச் 31 கடைசிக் கெடு. தூர்தர்ஷனும் 2021-க்குள் பெரும்பாலான அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை மூடிவிட்டது. அந்தத் தகர டப்பா பிடிப்பதற்குத் தாம்பரத்து வானத்தில் இப்போது எந்தச் சேனலும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிற மஞ்சள் ஓட்டைக்கு இன்னும் வேலை இருக்கிறது. பரணில் கார்டும், பி.சி.ஐ. ஸ்லாட் உள்ள பழைய பெட்டியும், ஓடுகிற வி.சி.ஆர். ஒன்றும் தேறினால், அப்பா அம்மா கல்யாணக் கேசட்டைப் பூஞ்சை தின்பதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். பிடி878-க்கான டிரைவர் லினக்ஸில் இன்னும் இருக்கிறது. சத்தத்தை மட்டும் வி.சி.ஆரிலிருந்து நேராக லைன்-இன்னில் கொடுங்கள், இல்லாவிட்டால் நாதஸ்வரம் வராது.