நுனியை வெட்டாதீர்கள்!

பசுமை சார் லிஃப்ட்டில் ஏற மாட்டார். மின்சாரம் வீணாம். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறுவார். லிஃப்ட் கதவு திறக்கும்போது மூச்சிரைக்க எதிரில் நின்று, "மூணு மாடிக்கு லிஃப்ட்டா?" என்பார். உங்கள் அடுக்ககத்தில் அவர் பேங்க்கில் ரிட்டையர் ஆனவராக இருக்கலாம். எங்கள் அடுக்ககத்தில்... வேண்டாம், சொன்னால் ஆள் தெரிந்துவிடும்.

நாம் ஏசியை 24-க்குக் கீழே இறக்கினால் அவருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. "2020-லேர்ந்து புது ஏசி எல்லாம் ஆன் பண்ணினா 24-லதான் நிக்கணும்னு அரசாங்கமே சொல்லிடுச்சு, நீங்க ஏன் ரிமோட்டைத் தொடறீங்க?" என்று வாசலிலேயே மடக்குவார். ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரைப் பிடிக்க அவர் வீட்டு சிங்க்குக்குக் கீழே ஒரு பக்கெட், அது நிரம்பினால் மாற்ற இன்னொன்று. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’யைத் தொடங்கியபோது, தன் வீட்டுக் கதவாணியில் தொங்கும் பையை யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லித்தான் அந்தத் திட்டமே வந்தது என்பதுபோல் கொஞ்ச நாள் நடந்துகொண்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பால் கவர் விஷயம்தான் தாங்க முடியவில்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்ததல்லவா? கேரி பேக், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் தட்டு, கப் என்று 14 வகைப் பொருட்களுக்குத் தடை. அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த எதிரிகள் எல்லாம் ஒரே நாளில் சட்டவிரோதமாகிவிட்டார்கள். இனி என்ன செய்வார், பாவம் என்று நினைத்தோம். ஆனால் பால், எண்ணெய் அடைக்கும் கவர்களுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். அவருக்கு அதுபோதும், பிடித்துக்கொண்டார்.

பால் பாக்கெட்டை ஊரில் எல்லோரும் எப்படி வெட்டுகிறார்கள்? கத்தரிக்கோலை எடுத்து மூலையில் ஒரு ‘சரக்’. முக்கோணத் துணுக்கு ஒன்று தெறித்து சிங்க்கில் விழும், இல்லாவிட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். சாரைப் பொறுத்தவரை இது குற்றம். மூலையைத் துண்டிக்கக் கூடாது. லேசாக ஒரு கீறல் போட்டு, நுனி கவரோடு தொங்கும்படி விட வேண்டும். இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்லும் காரணம் சரி. முழுக் கவரைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். உருக்கிக் குருணையாக்கி வேறு எதையாவது செய்வார்கள். நகக்கண் அளவுள்ள துணுக்கை எந்தப் புண்ணியவான் பொறுக்குவான்? அது சாக்கடைக்குப் போகும், மண்ணில் கிடக்கும், காய்கறித் தோலோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும்.

எல்லாம் சரிதான் சார். ஆனால் தொங்குகிற அந்த நுனி பேசாமல் தொங்குகிறதா? பாலை ஊற்றும்போது ஓட்டைக்குக் குறுக்கே மடங்கிக்கொள்கிறது. பாத்திரத்துக்குப் போக வேண்டிய பால் கொஞ்சம் அடுப்பு மேடைக்கும் கொஞ்சம் என் நைட்டிக்கும் போகிறது. மேடையைத் துடைக்க ஒரு துணி, துணியை அலச ஒரு மக் தண்ணீர். இந்தத் தண்ணீருக்கு என்ன கணக்கு என்று கேட்டால், "ஆர்.ஓ. தண்ணியில அலசலாமேம்மா" என்பார். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பக்கெட் உண்டு.

அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் செய்தே காட்டினார். சம்ப் கழுவுவதைப் பற்றியும் லிஃப்ட் காண்ட்ராக்டைப் பற்றியும் பேச வேண்டிய கூட்டம். நடுவில் எழுந்து, பையிலிருந்து பாக்கெட், கத்தரிக்கோல், சொம்பு மூன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "பாருங்க, இவ்ளோதான்" என்று கீறினார். நுனி வழக்கம்போல் மடங்கியது. பொருளாளரின் கணக்கு நோட்டு பாலில் நனைந்தது. "இது பாக்கெட்டைப் பிடிச்ச விதத்தில வந்த தப்பு" என்று சொல்லி இரண்டாவது பாக்கெட்டை எடுத்தார். பொருளாளர் நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படம் வந்தது. காலையில் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், பச்சை நிறத்தில் ஒரு முக்கோணத் துணுக்கு. கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுபோல, அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தார். "நேற்று மக்கும் குப்பைத் தொட்டியில் கண்டெடுத்தது. யாருடையது?" யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த செய்தி: "நிறத்தைக் கவனிக்கவும்." அதற்கடுத்து: "பச்சை பாக்கெட் வாங்குவது இந்த பிளாக்கில் இரண்டே வீடு." அதில் ஒன்று எங்கள் வீடு. இன்னொரு வீட்டைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. நான் வெட்டிய மூலையைக் காலிக் கவருக்குள்ளேயே திணித்து மடித்துப் போடுகிறவள். அதை எழுதினேன். அதற்குப் பதிலாக வணக்கம் சொல்லும் இரண்டு கைகள் மட்டும் வந்தன. படியில் எதிர்ப்படும்போதெல்லாம், திருந்தக் காத்திருக்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துப் புன்னகை வேறு.

மனுஷனை முழுக்கத் திட்டவும் முடியவில்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது எல்லாக் கட்டடத்திலும் தோண்டிய குழிதான் எங்களிடமும் இருந்தது. பிறகு அது சேறு ஏறி, மூடியின்மேல் பூந்தொட்டி வைக்கும் இடமாகிவிட்டது. அவர்தான் பூந்தொட்டியை நகர்த்தி, ஆள் பிடித்து, தன் கைக்காசைப் போட்டுச் சேற்றை வாரி, புதுக் கூழாங்கல்லும் மணலும் கொட்ட வைத்தார். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில், எங்கள் போர்வெல் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடியது. எதிர் பிளாக்கில் அதுவும் இல்லை. அந்தச் சமயத்தில்கூட அவர் ஒரு வார்த்தை பெருமையடிக்கவில்லை. எல்லோரும் குளிக்கும் நேரத்தைக் குறித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு நோட்டு மட்டும் சுற்றுக்கு விட்டார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் சேமிக்கும் பால் கவர்களைக் கழுவுவது யார்? அவர் மனைவி. கவரை மேலே முழுக்கப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி, பக்கெட் தண்ணீரில் அலசி, கிளிப் போட்டுக் கொடியில் காயவைப்பது ஆன்ட்டி. தயிர் கவர் இன்னும் மோசம், ஓரத்தில் ஒட்டிய ஆடை தேய்த்தாலும் போகாது. காய்ந்ததும் சார் வந்து அடுக்குவார், ரப்பர் பேண்ட் போடுவார், எடை போட்டுக் குழுவில் படம் போடுவார். எங்கள் குழு கைதட்டுவது சாருக்கு.

குப்பை எடுக்க வரும் அம்மாவிடமும் இதே கதை. பச்சைத் தொட்டி எதற்கு, நீலத் தொட்டி எதற்கு என்று தினமும் பாடம் நடத்துகிறார். குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர்கள் என்று 2016 விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். பிரிக்காமல் கொடுக்கிற வீடுகளின் டயப்பரையும் உடைந்த டம்ளரையும் அந்த அம்மா வெறுங்கையால் பிரிக்கிறார். பக்கத்தில் நின்றுகொண்டு, மக்கும் குப்பை எது என்று அவருக்கே சொல்லிக் கொடுக்கிறார் இவர். கூட்டத்துக்கு இரண்டு பாக்கெட் பாலோடு வரத் தெரிந்தவருக்கு, அந்த அம்மாவுக்கு இரண்டு ஜோடி கையுறை வாங்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரத் தோன்றவில்லை.

போன மாதம் சார் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். ரயிலில்தான், ஏசி இல்லாத ஸ்லீப்பரில்தான். கறிவேப்பிலை கேட்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஆன்ட்டி சமையலறையில் பச்சை பாக்கெட்டை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையால் ‘சரக்’ என்று ஒரே வெட்டு வெட்டினார். முக்கோணம் தெறித்து வாழைக்காய்த் தோல் இருந்த தட்டில் விழுந்தது. பால் ஒரு சொட்டுச் சிந்தாமல் பாத்திரத்துக்குள் இறங்கியது. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"அவர் வாக்கிங் போற நேரத்தில எப்பவும் இப்படித்தாம்மா. அந்த ஆட்டத்தையெல்லாம் காலங்காத்தால யாரு ஆடறது?" என்றார் ஆன்ட்டி. "அன்னிக்கு ஒரு ரூபாய் வெச்சு போட்டோ போட்டாரே, அதுவும் நான் வெட்டினதுதான். உன் தலையில விழுந்துடுச்சேன்னு எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. காபிக்கு சர்க்கரை எவ்வளவு?"