இல்லாத பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கடைமடை உழவர் ஒருவர், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள், பழைய இயந்திரங்களைக் கிளப்பிவிடும் பிரிவு.

பொருள்: சித்திரை நல்லேருக்குள் பழைய டிராக்டரை ஸ்டார்ட் செய்தல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்துப் பல கவுண்டர்களில் வாய்மொழியாகக் கேட்டதும், அடுத்த கவுண்டருக்கு அனுப்பப்பட்டதும்.

ஐயா / அம்மா,

தங்கள் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்று அலுவலகத்தில் விசாரித்தேன். அப்படி ஒரு பிரிவே கிடையாது என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள். புது இயந்திரம் வாங்குவதற்குப் பிரிவு உண்டு. வாடகைக்கு விடுவதற்குப் பிரிவு உண்டு. வயதானதைக் கழித்துக்கட்டுவதற்குக் கொள்கையே உண்டு. ஓடிக்கொண்டிருந்து நின்றுபோனதை மறுபடி ஓட வைப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஆகவே தங்களுக்கே எழுதத் துணிந்தேன். இல்லாத அலுவலருக்கு எழுதுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. தாங்கள் மாறுதலாகிப் போக மாட்டீர்கள். மீட்டிங்கில் இருக்க மாட்டீர்கள். சர்வர் டவுன் என்றும் சொல்ல மாட்டீர்கள்.

எங்கள் நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுப்புக்கு வரும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவோம். அதற்கு உழவு தேவையில்லை. அறுப்பு மெஷின் வெளியூரிலிருந்து வந்து அறுத்துவிட்டுப் போய்விடும். மூட்டையும் வைக்கோலும் ஏற்றி இறக்கிய கையோடு டிராக்டர் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை எழுப்ப வேண்டிய நாள் சித்திரை ஒன்று, நல்லேர் பூட்டும் நாள். காளைகள் இருந்த காலத்தில் கொம்புக்கு மஞ்சள் பூசி நுகத்தில் பூட்டினோம். இப்போது பானட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, காப்பரிசி படைத்து, நல்ல நேரத்தில் வயலில் ஒரு சுற்றாவது ஓட்டியாக வேண்டும். காளை அன்று காலையில் எழுந்து நிற்கும். இந்த வண்டிக்கு, ஏர் பூட்டுவதற்கு முதல் நாளே ஏர் எடுத்தாக வேண்டும்.

தாங்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி படுத்துவிட்டது. டெர்மினலில் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, கிரீஸ் தடவி, பக்கத்து வீட்டு பேட்டரியைக் கடன் வாங்கி மாட்டினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஏர்ஃபில்டர் கிண்ணத்தில் எண்ணெய் களியாகிக் கிடக்கும். சைலன்சர் வாயைத் தகர டப்பாவால் மூட மறந்த வீடுகளில் குளவி உள்ளே மண்வீடு கட்டிக் குடிவந்திருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும். அது பெரும்பாலும் லைட் ஒயராகவே இருக்கும் என்பதால் பகலில் உழுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. கிளட்சை மிதித்தால் கியர் விழாது. நின்ற இடத்திலேயே நின்றதில் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தும் நாளிலேயே கிளட்ச் பெடலை அழுத்தி, ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அப்புறம் டீசல். டேங்க் பாதி காலியாக நின்றால் உள்ளே வேர்த்து வேர்த்துத் தண்ணீர் இறங்கி அடியில் தங்கிவிடும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் டீசலுக்கு அடியில் குண்டுமணி குண்டுமணியாகத் தண்ணீர் உருளும். அதைக் கொட்டித் துடைத்து மாட்டுவதற்குள் லைனில் காற்று புகுந்துவிடும். மெக்கானிக் அண்ணன் அங்கேதான் தன் வித்தையைத் தொடங்குவார். ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, ஃபீட் பம்பின் சின்ன லீவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பார். முதலில் நுரை தள்ளும். நுரை குமிழாகும். குமிழும் நின்று டீசல் மட்டும் தெளிவாக வழியும்போது, அழுத்தின விரலை எடுக்காமலே ஸ்க்ரூவை முடுக்குவார். அடுத்தது பம்பில் இருக்கும் ஸ்க்ரூ. அதற்கும் அடுத்தது நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகள். வீட்டுப் பையன் செல்ஃப் அடிப்பான். பைப் நுனியில் டீசல் துப்பத் துப்ப அண்ணன் ஒவ்வொரு நட்டாக முடுக்கிக்கொண்டு வருவார். கடைசி நட்டு முடுக்கி முடியும் முன்பே எஞ்சின் ஒருமுறை குலுங்கும். கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. கோழிகள் கூரையில்.

இந்த வேலையில் எந்தக் கட்டத்துக்கும் மானியம் கிடையாது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றி மறப்பவன் அல்ல நான். 2014-15இல் மத்திய அரசு வேளாண் இயந்திரமயமாக்கலுக்கென்று துணை இயக்கமே தொடங்கியது. சிறு, குறு உழவர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர் புது இயந்திரம் வாங்கினால் உச்சவரம்புக்கு உட்பட்டுப் பாதி விலை மானியம். மற்றவர்களுக்கு 40 சதவீதம். மீதி விலைக்கு வங்கி இருக்கிறது. வங்கிக்கு என் நிலம் இருக்கிறது. எல்லாம் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட்டே போடுகிறார்கள். கோடை உழவு செய்தால் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். படித்துக் காட்டினேன். வண்டி அசையவில்லை.

வரி விஷயத்தில் காட்டிய கருணையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது புது டிராக்டருக்கு 12 சதவீதம், பழைய டிராக்டருக்கு வாங்குகிற பாகங்களுக்கு 18, பேட்டரிக்கு 28. அதாவது எவ்வளவுக்கெவ்வளவு பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறாயோ அவ்வளவுக்கவ்வளவு கட்டு என்று பொருள். எட்டு வருஷம் போல இப்படியே ஓடியது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 5 சதவீதம் ஆக்கினார்கள். டயருக்கும், டிராக்டருக்கென்றே உள்ள பாகங்கள் பலவற்றுக்கும் அதே 5. கும்பிட்டேன். ஆனால் பேட்டரி 28இலிருந்து 18க்கு மட்டும் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் ஆயிலும் 18தான். ஷோரூமில் புது டிராக்டருக்குள் உட்கார்ந்து வருகிற பேட்டரிக்கு 5; அதே பேட்டரி தனியாகக் கடையில் இருந்தால் 18. சித்திரையில் முதலில் சாகிற சாமான் எதுவென்று கண்டுபிடித்து அதன் தலையில் வரியை வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டவர் ஏதோ ஒரு ஜென்மத்தில் உழவராக இருந்து, பேட்டரியிடம் தோற்றவராக இருக்க வேண்டும்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிராக்டரை, தன்னை இயக்கும் சாதனங்களைத் தவிர வேறு எந்தச் சுமையையும் தானே சுமக்கும்படி கட்டப்படாத வண்டி என்று வரையறுக்கிறது. பதிவுச் சான்று 15 வருஷத்துக்குச் செல்லும். அதற்குமேல் புதுப்பிக்க வேண்டும். 15 வருஷமென்றால் நாள்காட்டிக் கணக்கு. ஆனால் டிராக்டரின் வயது நாளில் இல்லை, மணியில் இருக்கிறது. அதற்காகத்தான் டேஷ்போர்டில் மணிக்கணக்கு காட்டும் மீட்டரை வைத்திருக்கிறான். ஆயில் மாற்றுவதும் அதைப் பார்த்துத்தான். மாசியில் படுத்துச் சித்திரையில் எழுந்திருக்கிற வண்டிக்குத் தூங்கின நாளையும் வயதில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்? தூங்கின நேரத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால், என் வண்டி இப்போதுதான் வாலிபத்தில் கால் வைக்கிறது. (அந்த வழக்கத்தை அலுவலகங்களுக்கும் கொண்டுவந்தால் ஓய்வுபெறும் வயது எங்கே போய் நிற்குமோ, தெரியாது.)

சான்றைப் புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். சான்று காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. இரண்டும் சரியான விதிகளே. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க எங்கள் ஊரில் ஒருவர் தன் டிராக்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். எந்தச் சுமையும் சுமக்காது என்று சட்டம் சொன்ன வண்டி, தானே ஒரு சுமையாகிப் போனதைப் பார்க்க ஊரே டீக்கடைப் பக்கம் வந்து நின்றது.

பராமரிப்பு முகாம் நடக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். நடக்கிறது. மறுக்கவில்லை. போயிருக்கிறேன். பந்தல், மைக், கேசரி, வரிசையாகப் புது வண்டிகள். ‘உழவர்கள் தங்கள் பழுதடைந்த இயந்திரங்களுடன் வருகை தந்து பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று நோட்டீஸ். ஓடாத வண்டியை ஓட்டிக்கொண்டு வருவது எப்படி என்று நோட்டீஸில் இல்லை. அன்றைக்கு வந்து நின்ற வண்டிகள் எல்லாம் தாமாக ஓடி வந்தவை. ஆகவே முகாமில் பரிசோதித்த இயந்திரங்கள் அனைத்தும் நல்ல நிலையில் இருப்பதாகக் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அங்கே பேசிய இளம் பொறியாளர் கிரீஸ் நிப்பிளைப் பற்றியும் டேங்கை நிரப்பி நிறுத்துவதைப் பற்றியும் சொன்னது அத்தனையும் சத்தியம். அந்தப் பெண்ணைக் கொட்டகைக் கொட்டகையாக அனுப்பியிருந்தால் பாதி ஊர் வண்டி அன்றே கிளம்பியிருக்கும்.

புதுசு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. புகை குறைவது நல்லதுதான், நானும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறேன். ஆனால் அந்த வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் ஏறிவிட்டன. அவை மக்கர் செய்தால் ஸ்பானர் பத்தாது, லேப்டாப் வேண்டும். லேப்டாப் கம்பெனிக்காரரிடம் இருக்கிறது. கம்பெனிக்காரர் டவுனில் இருக்கிறார். நல்ல நேரமோ ஏழரைக்கு முடிகிறது.

எங்களுக்குத் தேதிதான் பிரச்சினை. பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஊரிலிருக்கிற வண்டிகள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தாக வேண்டும், இருப்பதோ ஒரே மெக்கானிக். 2024இல் ஜூலை 28தான் திறந்தார்கள். அந்தத் தண்ணீரை நம்பிய குறுவை போனது, வண்டிகள் கூடுதலாகத் தூங்கின, கூடுதலாகத் துருப்பிடித்தன. தண்ணீர் வராத செய்தி பத்திரிகையில் வரும். நாசில் அடைத்துக்கொண்ட செய்தி எதில் வரும்? பம்பும் நாசிலும் கெட்டால் கழற்றிச் சாக்குப்பையில் கட்டி பஸ்ஸில் தஞ்சாவூர் கொண்டுபோகிறோம், பம்ப் சரிபார்க்கிற கடைக்கு. டீசல் வாடைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். உட்கார இடம் தாராளம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார்.

ஆகவே தாங்கள் எப்போதாவது நியமிக்கப்பட்டால் செய்ய வேண்டியது கொஞ்சமே. ஒன்றியத்துக்கு ஒரு நாசில் டெஸ்டரும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் போதும். ஒரு வேனில் டூல்ஸை ஏற்றிப் பங்குனிக் கடைசியில் கிராமம் கிராமமாக அனுப்பலாம். அரசமரத்தடியில் எந்தச் சான்றிதழும் இல்லாமல், மூன்று தலைமுறை வண்டிகளின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்கிற அண்ணனுக்கு ஒரு மேசையும், கூடவே நின்று கற்றுக்கொள்ள ஐடிஐ முடித்த இரண்டு பையன்களும் கொடுக்கலாம். அவருக்குப் பின்னால் அந்தக் கட்டைவிரல் யாருக்கும் கிடையாது.

ஒரே ஒரு வேண்டுகோள். பிரிவைத் தொடங்கினாலும் விண்ணப்பப் படிவம் மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். அது எப்படியிருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்கு விஏஓ சான்று. ஸ்டார்ட் ஆகாத வண்டியின் அருகில் உழவர் சோகமாக நிற்கும் புகைப்படம், இடக்குறியீட்டுடன். வந்த புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா என்பதற்கு வருவாய் ஆய்வாளர் பரிந்துரை. கறுப்பென்றால் காற்று பத்தவில்லை, வெள்ளையென்றால் டீசல் எரியவில்லை, நீலமென்றால் ஆயில் எரிகிறது என்று அண்ணன் சொல்லிவிடுவார்; ஆய்வாளர் ‘புகை நிறம் தெளிவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று எழுதுவார். ஓடிபி வருகிற போன் பையனிடம் இருக்கும். பையன் திருப்பூரில் இருப்பான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடை உழவர்.

இணைப்பு: தேய்ந்த நாசில் ஒன்று (அசல்). திருப்பித் தர வேண்டியதில்லை.

நகல்: மெக்கானிக் அண்ணன், அரசமரத்தடி. (கடிதம் முழுவதும் படித்துக் காட்டப்பட்டது. ‘அதெல்லாம் இருக்கட்டும், முன்பணம் எப்ப தர்றீங்க?’ என்றார்.)