சும்மா இருத்தல்: லிஃப்டை முன்வைத்து ஓர் ஆய்வு

சும்மா இருத்தலின் மேன்மையைத் தாயுமானவர் விரிவாகவே பாடிவிட்டார். எந்த மாடியில் சும்மா இருப்பது என்பதை மட்டும் பின்வந்தோருக்கு விட்டுவைத்தார். அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம்: சென்னையில், தரைத்தளம் முழுக்கக் கார்களும் அதன்மேல் ஐந்து மாடிகளும் கொண்ட ஓர் அடுக்ககம். லிஃப்ட் ஒன்றே. கையால் இழுத்துச் சாத்தும் கம்பிக்கதவு.

முன்னோர் கருத்தாவது: டொனால்ட் க்னூத் 1968இல் வெளியிட்ட நிரலாக்கப் பெருநூலின் முதல் தொகுதியில், கால்டெக் கணிதத்துறைக் கட்டட லிஃப்டை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார். ஐந்து தளங்களில் நடுத்தளமே அதற்கு வீடு. அழைப்பில்லாதபோது அங்கே போய் நிற்கும். நம் அடுக்ககத்தில் இந்த மேற்கோள் செல்லாது. இங்கே மளிகைப் பை உண்டு.

எனவே சொந்தக் கணக்கு. வெளியே போகிறவர் எல்லோரும் திரும்பி வருவர் என்று கொள்க. (வாராதார் தனி ஆய்வுக்குரியர்.) அப்படியானால் அழைப்புகளில் பாதி தரையிலிருந்து, மறுபாதி ஐந்து மாடிகளுக்கும் சமம். லிஃப்ட் தரையில் காத்திருந்தால், ஓர் அழைப்புக்குச் சராசரியாக 1.5 மாடி ஓட வேண்டும். மூன்றாம் மாடியில் நின்றால் 2.1, ஐந்தாம் மாடியில் 3.5. முதல் மாடியில் நின்றாலோ, மறுபடியும் அதே 1.5! தரையும் முதல் மாடியும் ஒன்றே என்று கணிதம் கைவிரித்துவிட்டது. ‘நான் லிஃப்டே ஏறுவதில்லை, மெயின்டனன்ஸைக் குறையுங்கள்’ என்று சங்கக் கூட்டந்தோறும் எழுந்து நிற்கும் முதல் மாடிக்காரரிடம் இந்த முடிவை யார் போய்ச் சொல்வது?

தடை: காலையில் எல்லோரும் இறங்குவர், மாலையில் ஏறுவர், பாதிக்குப் பாதி எங்ஙனம்? விடை: உண்மை. காலையில் மூன்றாம் மாடியிலும் மாலையில் தரையிலும் நிற்கட்டும்.

அடுத்த தடை செயலாளருடையது. காலி லிஃப்டை மேலே அனுப்பினால் கரண்ட் பில் எகிறும், கீழே வருவது மட்டும் இலவசம் என்பார். நேர்மாறு. கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடை, பெட்டியின் எடையோடு அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்து அமைக்கப்படுவது. ஆளில்லாத பெட்டி அதைவிட இலேசு. மேலே போக அதற்குத் தூண்டுதலே வேண்டாம்; கீழே இறக்கத்தான் மோட்டார் பாடுபட வேண்டும். ஆளொழிந்த லிஃப்ட் இயல்பிலேயே மேல்நோக்கிய நாட்டமுடையது எனத் தெளிக. செயலாளர் தெளியவில்லை.

இவையனைத்தும் கதவு சாத்தியிருந்தால். கம்பிக்கதவு திறந்திருக்கும்வரை லிஃப்ட் அசையாது. ஆகவே, அது எங்கே காத்திருக்கும் என்பதை முடிவுசெய்வது சராசரியும் அல்ல, எதிர்எடையும் அல்ல. இரண்டு கையிலும் பையோடு கடைசியாக இறங்கியவர். பதிவு செய்த பெண்குரல் கதவை மூடச்சொல்லி மன்றாடிக்கொண்டே இருக்கிறது. நான்காம் மாடியில் டிவி சத்தம் அதிகம். வாட்ச்மேன் படியேறிப் போயிருக்கிறார்.