நாற்பது நிமிட மனசாட்சி

2017 பிப்ரவரி 7, இரவு ஒன்பது மணிக்கு மேல். எங்கள் தெருமுனை டீக்கடை டி.வி.யில் ஓ. பன்னீர்செல்வம். மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டர் டீ ஆற்றுவதை மறந்து நிற்கிறார். "என்னண்ணே, தூங்கிட்டாரா?" என்றான் கிளாஸ் கழுவும் பையன். "சும்மா இருடா" என்று நாலு பேர் அதட்டினோம். ஒரு முதல்வர் தனக்குள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் போடலாமா?

நாற்பது நிமிடம் இறங்கினார். எழுந்து வந்து சொன்னார்: கட்டாயப்படுத்தித்தான் ராஜினாமா வாங்கினார்களாம். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டபோது ஊமையாக இருந்த மனசாட்சிக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி வாய் வந்துவிட்டது. வந்த வாய் சும்மா இருக்குமா? அம்மாவின் மரணத்தில் சந்தேகம், விசாரணை வேண்டும் என்றது. அப்போலோவில் அந்த அம்மா கிடந்தது 75 நாள். அதில் பாதிக்கு மேல் அவருடைய இலாகாக்கள் இவர் கையில். இறந்த பிறகு இரண்டு மாதம் முதல்வர் நாற்காலியே இவருடையது. உட்கார்ந்திருந்தவரை வராத சந்தேகம், எழுப்பிவிட்டதும் வந்தது. நம்மூர் மனசாட்சி நாற்காலிக்கு அடியில்தான் குடியிருக்கிறது போலும். ஆள் எழுந்தால்தான் அதற்கு மூச்சுவிட முடிகிறது.

சமாதி என்ன செய்யும், பாவம். எட்டாம் நாள், இவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்ட சசிகலா வந்து அதே கல்லை ஓங்கி மூன்று முறை அறைந்து சபதம் செய்துவிட்டுப் பெங்களூர்ச் சிறைக்குப் போனார். (அகத்தாய்வில் தில்லிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2019இல் கேதார்நாத் குகை, 2024இல் கன்னியாகுமரிப் பாறை. இரண்டு தடவையும் மோடிக்குத் தியானம் கூடியது கடைசிக் கட்ட வாக்குப்பதிவை ஒட்டித்தான். தனிமையில் உட்கார்ந்தவரைப் படம் எடுக்க மட்டும் ஆள் இருந்தது.)

இங்கே நடந்ததற்குத் 'தர்மயுத்தம்' என்று பெயர் வைத்தார்கள். சசிகலா தரப்பு கூவத்தூர் விடுதியில் தங்கவைத்திருந்த எம்.எல்.ஏ.க்களின் மனசாட்சியும் சட்டசபையில் எண்ணப்பட்டது: அந்தத் தரப்பின் புது முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு 122, எதிராக 11. அந்தப் பதினொன்றில் ஒருவரான பன்னீர்செல்வம் ஆகஸ்ட் 21ஆம் தேதி அதே எடப்பாடியின் துணை முதல்வரானார். நிதித்துறையும் கிடைத்தது. யுத்தம் ஆறரை மாதத்தில் முடிந்தது. தர்மம் எந்த முகாமில் இருந்தது என்று யாரும் தேடவில்லை. அதற்கு இலாகா ஒதுக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

விசாரணை ஆணையம் மட்டும் வந்தது. நம் வரிப்பணத்தில் ஐந்து வருஷம் ஓடியது. ஆறுமுகசாமி ஆணையத்தின் முன் 2022 மார்ச்சில் பன்னீர்செல்வம் ஆஜரானார். மரணத்தில் தனக்குத் தனிப்பட்ட முறையில் சந்தேகம் ஏதும் இல்லை, மக்களுக்குச் சந்தேகம் இருந்ததால்தான் விசாரணை கேட்டேன் என்றார்.

அன்றைக்கு நாற்பது நிமிடம் உள்ளே இறங்கித் துழாவி எடுத்து வந்தது அவருடைய சந்தேகம் இல்லையாம். டீக்கடையில் வாய்பிளந்து நின்ற எங்களுடையதாம். மாஸ்டருக்குச் சந்தேகம், எனக்குச் சந்தேகம், ஊருக்கே சந்தேகம். எங்களுக்காக அவர் கண்ணை மூடினார்.

அப்படியானால் ஆணையம் ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டது. அந்த ராத்திரி தன் சொந்தச் சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்டவன் கிளாஸ் கழுவிய பையன் ஒருவன்தான். அவனுக்குச் சம்மன் வரவில்லை.